நோயாளிகளைப் பார்க்க நாயைக் கூட்டிப் போகலாமா? வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் வாருங்கள்

காட்பாடி பயிற்சியாளர்:

கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைப் பல பேர் தனித்தனியாகக் கேட்கிறார்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். "எங்கள் வீட்டு லேப்ரடார் ரொம்பப் பாசமானது, யார் வந்தாலும் ஓடிப் போய் மேலே தாவிக் கொஞ்சும், அதை முதியோர் இல்லத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போனால் அங்கே இருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்குமே" என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தாவிக் கொஞ்சும் நாய் இந்த வேலைக்கு ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் எண்பது வயதுப் பாட்டியின் முன்கையில் நகம் லேசாகப் பட்டாலே தோல் உரிந்து ரத்தம் வரும், சீக்கிரம் நிற்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பார்வை இல்லாதவருக்கு வழிகாட்டும் நாய் அந்த ஒருவருக்காகவே பழக்கப்பட்டது, அவரோடுதான் இருக்கும். நாம் பேசுவது வேறு வகை. இது யாரோ ஒருவர் வீட்டில் வளரும் நாய், வளர்ப்பவரோடு சேர்ந்து முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கப் போகும், அவர்கள் தொட்டால் அமைதியாக நிற்கும், வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடும். தெரபி நாய் என்று சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இது புதுசாக வந்த மோகம் கிடையாது. 1944-ல் நியூ கினியில் வில்லியம் வின் என்ற அமெரிக்கச் சிப்பாய் டெங்கு வந்து ராணுவ மருத்துவமனையில் கிடந்தபோது, நண்பர்கள் அவருடைய ஸ்மோக்கி என்ற குட்டி யார்க்‌ஷையர் டெரியரைத் தூக்கி வந்தார்கள். மற்ற காயம்பட்டவர்களும் அதைக் கேட்க ஆரம்பிக்க, நர்ஸுகளே வார்டு வார்டாக எடுத்துப் போனார்கள். அப்புறம் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர், யாரிடமும் பேசாத ஒரு பையன் தன் நாய் ஜிங்கிள்ஸோடு மட்டும் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து 1962-ல் அதைப் பற்றி எழுதினார். 1976-ல் எலைன் ஸ்மித் என்ற நர்ஸ் இதற்கென்றே அமெரிக்காவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஹாங்காங்கில் 1991-ல் ஜில் ராபின்சன் ஆரம்பித்த டாக்டர் டாக் என்ற தெரபி நாய்த் திட்டம் புளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு வழியாகச் சென்னை வரைக்கும் வந்தது. சென்னையில் முடிந்தது வேலூரில் ஏன் முடியாது என்றுதான் நான் கேட்கிறேன்.

என் கருத்து இதுதான், பாசத்தைவிட நிதானம் முக்கியம், நாயைவிடக் கூட வரும் ஆள் முக்கியம். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

வாலாஜா மகள்:

அண்ணா, சரியான நேரத்தில் ஆரம்பித்தீர்கள். என் அப்பாவுக்கு மறதிநோய். ராணிப்பேட்டை பக்கம் ஒரு இல்லத்தில் இருக்கிறார், அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். என் பெயர் அவருக்கு வருவதில்லை, சில நாள் என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொள்கிறார். ஆனால் போன வாரம் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு நாய் குரைத்ததும் "கருப்பனை அவிழ்த்து விடு, கொல்லையில் யாரோ" என்றார். கருப்பன் அவர் சின்ன வயதில் சோளிங்கர் பக்கம் நிலத்தில் வளர்த்த நாய். அதற்கப்புறம் கிணறு, வேர்க்கடலைச் செடி, காட்டுப்பன்றி வந்தது என்று ரொம்ப நேரம் பேசினார், நாங்கள் யாரும் கேட்டிராத விஷயங்கள் எல்லாம் வந்தன.

எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாய் இருக்கிறாள், பெயர் மல்லி, நாலு வயது, குட்டியிலிருந்தே குழந்தைகளோடு வளர்ந்தவள். அவளைக் கூட்டிப் போகட்டுமா என்று இல்லத்து மேலாளரிடம் கேட்டேன். "எனக்கு ஆட்சேபணை இல்லை மேடம், ஆனால் இங்கே இன்னும் முப்பது பேர் இருக்கிறார்கள், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, என்னிடம்தான் பதில் இல்லை. எதை எதைத் தயார் செய்துகொண்டு அவரிடம் திரும்பப் போக வேண்டும்?

ராத்திரி டூட்டி சிஸ்டர்:

வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வார்டில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். எனக்கு நாய் பிடிக்கும். ஆனாலும் இந்தப் பேச்சில் எனக்குக் கவலை அதிகம்.

வார்டில் ஒரு பெட்டுக்கும் அடுத்த பெட்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போடுகிற இடம்தான் இருக்கும். ஒருவருக்குக் காயத்து நீர் வடியும் பை தொங்கும், இன்னொருவருக்கு யூரின் டியூப், மூன்றாமவருக்கு முதுகில் படுக்கைப் புண். நாய் வாலை ஒரு ஆட்டு ஆட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள், உறுப்பு மாற்று முடிந்தவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் இவர்களுக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைவு, நாய் கிட்டேயே வரக் கூடாது. முடி கொட்டினால் யார் பெருக்குவது, தப்பித்தவறி சிறுநீர் போய்விட்டால் யார் துடைப்பது? ஏற்கனவே ஆள் பற்றாக்குறையில் ஓடிக்கொண்டிருக்கும் ஆயாம்மாதான்.

இன்னொன்று. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, பேருந்து நிலையம் மாதிரி இடங்களிலிருந்து தெரு நாய்களை அப்புறப்படுத்தச் சொன்னதற்கப்புறம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு எல்லா நாயும் ஒன்றுதான். வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்று அவரிடம் நின்று விளக்க முடியாது.

நைட்டிங்கேல் அம்மையாரே 1860 வாக்கில் நீண்ட நாள் படுத்திருக்கும் நோயாளிக்கு ஒரு சின்னச் செல்லப்பிராணி நல்ல துணை என்று எழுதியிருக்கிறார், அதை நர்ஸிங் படித்த எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதே அம்மையார்தான் சுத்தம் சுத்தம் என்று உயிரை விட்டவரும். இரண்டையும் சேர்த்துப் பேசினால் நானும் பேசத் தயார்.

மாட்டு டாக்டர் (ஓய்வு), குடியாத்தம்:

சிஸ்டர் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்க மாட்டேன். அரசு கால்நடை மருத்துவத்தில் வேலூர், திருவண்ணாமலை என்று இந்தப் பழைய வடாற்காடு முழுக்கச் சுற்றியவன் என்ற முறையில் சில விஷயம் சொல்கிறேன்.

நம் மக்கள் நாயைப் பார்த்துப் பயப்படுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் மூலம்தான் வருகிறது, அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது என்றே சொல்லலாம். அறுபது எழுபது வயதுக்காரர்களைக் கேளுங்கள், நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று சொல்வார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது கையில் தோலுக்குள் போடுகிறார்கள், முதல் நாள், 3-வது, 7-வது, 28-வது நாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊசியின் பயம் இன்னும் உடம்பில் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அந்தத் தலைமுறை. நாயைப் பார்த்ததும் ஒருவர் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டால் அவரிடம் "ஒன்றும் செய்யாது பாட்டி" என்று சொல்லாதீர்கள், நாயை வெளியே கொண்டு போங்கள்.

வாலாஜா அம்மா, உங்கள் மேலாளருக்குக் காட்ட வேண்டியது தடுப்பூசி அட்டை. மூன்று மாதக் குட்டியில் ரேபிஸ் ஊசி, அப்புறம் வருடா வருடம். டிஸ்டெம்பர், பார்வோ என்ற நாய் நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி. எலிக்காய்ச்சல் எனும் லெப்டோவுக்கும் சேர்த்தே போட்டுவிடுங்கள், மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் நின்றுவிட்டு வரும் நாய் சிறுநீர் வழியாக அதைப் பரப்பும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடல் புழுவுக்கு மருந்து. உண்ணி ஒன்றுகூட இருக்கக் கூடாது, காது மடிப்பும் விரல் இடுக்கும் பாருங்கள். ஜூலை 6, பிராணிகளிடமிருந்து பரவும் நோய்களுக்கான நாள், 1885-ல் லூயி பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்ற பையனுக்கு முதல் ரேபிஸ் ஊசி போட்ட நாள் அது. அன்றைக்கு அரசு கால்நடை மருத்துவமனைகளில் செல்லப்பிராணிகளுக்கு இலவசமாக ரேபிஸ் ஊசி போடுவது வழக்கம்.

சாப்பாடும் முக்கியம். பச்சைக் கறி, பச்சைக் கோழிக் கால், குடல் என்று போடுகிறவர்கள் அந்த நாயை இந்த வேலைக்குக் கொண்டு வரக் கூடாது. நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி அதன் வாயிலும் மலத்திலும் இருக்கலாம். மருத்துவமனைத் தொற்றுநோய்த் தடுப்பு வல்லுநர்கள் 2015-ல் அமெரிக்காவில் வெளியிட்ட வழிகாட்டுதலில் கடைசி 90 நாளில் பச்சை இறைச்சி சாப்பிட்ட நாய் வேண்டாம் என்றே இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டி வேண்டாம், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், இதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

காட்பாடி பயிற்சியாளர்:

நன்றி டாக்டர் ஐயா. சிஸ்டர், வார்டுக்குள் கூட்டிப் போக வேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன், இன்னும் சில வருடத்துக்குக்கூட. முதியோர் இல்லத்துத் திண்ணை, சிறப்புக் குழந்தைகள் பள்ளியின் மரத்தடி, மறுவாழ்வு மையத்தின் தோட்டம், இப்படித் திறந்த இடங்களில்தான் தொடங்க வேண்டும். அங்கே வர விரும்புகிறவர் நாயிடம் வருவார், விரும்பாதவர் அறையிலேயே இருந்துகொள்ளலாம். இதில் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும்.

சரி, எந்த நாய் தகுதி என்று எப்படிப் பார்ப்பது? அமெரிக்காவில் 1989-லிருந்து ஒரு நல்லொழுக்கத் தேர்வு நடத்துகிறார்கள், அதில் பத்து விஷயம் பார்ப்பார்கள். அன்னியர் வந்து கை கொடுக்கும்போது அமைதியாக இருக்கிறதா, கூட்டத்துக்குள் இழுக்காமல் நடக்கிறதா, இன்னொரு நாயைப் பார்த்தால் என்ன செய்கிறது, உரிமையாளர் மூன்று நிமிடம் கண் மறைந்தால் அழுகிறதா என்ற மாதிரி. அதையே எடுத்துக்கொண்டு நம் ஊர் இடங்களுக்கு ஏற்ற மாதிரி நான் சோதிப்பேன். எவர்சில்வர் தட்டைப் பின்னால் டமார் என்று போடுவேன். திடுக்கிடலாம், அது இயல்பு, ஆனால் கொஞ்ச நேரத்தில் தெளிந்து திரும்பி வந்து பார்க்க வேண்டும், ஓடினாலோ குரைத்துக்கொண்டே இருந்தாலோ ஆகாது. வாக்கரைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஒருவர் வருவார், சக்கர நாற்காலி நேராக வந்து நிற்கும், ஒருவர் தள்ளாடிக்கொண்டே குனிந்து காதைப் பிடித்து இழுப்பார். ஆக்சிஜன் மெஷின் சத்தம், பினாயில் வாசனை. பளபளவென்று இருக்கும் டைல்ஸ் தரை பல நாய்களுக்குப் பயம், கால் வழுக்கினால் அப்படியே உறைந்து நின்றுவிடும், முன்கூட்டியே பழக்க வேண்டும்.

பலர் மறக்கும் சோதனை ஒன்று உண்டு. தரையில் இட்லித் துண்டும் அதன் பக்கத்தில் ஒரு வெற்று மாத்திரை உறையும் போட்டுவிட்டு, "விடு" என்றால் விடுகிறதா என்று பார்ப்பேன். இல்லங்களில் கட்டிலடியில் மாத்திரை கிடப்பது சகஜம், பாரசிட்டமாலோ வலி மாத்திரையோ நாய் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இணையத்தில் பணம் கட்டினால் தெரபி நாய் சான்றிதழும் ஒரு சிவப்பு அங்கியும் பார்சலில் அனுப்பும் தளங்கள் இருக்கின்றன. அந்தக் காகிதத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது, யாரும் ஏமாறாதீர்கள்.

மேல்விஷாரம் வாசி:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் சலாம். இந்தப் பேச்சில் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்து முஸ்லிம் பெரியவர்கள் நிறைய பேர் நாயின் எச்சில் பட்டால் உடையை மாற்றிக் கழுவிக்கொண்டுதான் தொழுவார்கள். என் பாட்டி அப்படித்தான். அவருக்கு நாய் மேல் வெறுப்பு கிடையாது, வாசலில் வரும் நாய்க்குத் தினமும் தண்ணீர் வைப்பார். ஆனால் படுத்த படுக்கையாக இருக்கும்போது யாரோ கூட்டி வந்த நாய் கையை நக்கிவிட்டால், எழுந்து போய்க் கழுவ முடியாத நிலையில் அவர் மனசு என்ன பாடுபடும்? ஆறுதலுக்கு வந்தது வேதனையாகிவிடும். இந்துக்களிலும் பூஜை செய்கிறவர்கள், வீட்டுக்குள் நாயைச் சேர்க்காதவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் முந்தின நாளே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது "யாருக்கெல்லாம் நாய் வேண்டாம்" என்று கேட்டால் வயதானவர்கள் கூச்சப்பட்டு வாயைத் திறக்க மாட்டார்கள்.

காட்பாடி பயிற்சியாளர்:

இதைச் சொன்னதற்கு ரொம்ப நன்றி தம்பி. நக்காமல் இருக்கப் பழக்குவது அடிப்படைப் பயிற்சி, அது இல்லாமல் எந்த நாயையும் நான் வெளியே கொண்டு போக மாட்டேன். தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பேச முடியாதவர்கள் விஷயத்தில் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும், அப்படியும் அந்த நேரத்தில் அவர் முகத்தைத் திருப்பினால் அதுதான் கடைசி வார்த்தை.

பாகாயம் பிசியோ:

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். 2007-ல் லாஸ் ஏஞ்சலஸில் இதயச் செயலிழப்போடு அனுமதிக்கப்பட்ட 76 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு 12 நிமிடம் தன்னார்வலரும் நாயும், ஒரு குழுவுக்குத் தன்னார்வலர் மட்டும், ஒரு குழுவுக்கு யாரும் இல்லை. நாய் வந்த குழுவில் மனப்பதற்றம் மற்ற இரண்டையும்விட நன்றாகக் குறைந்தது, நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமும் குறைந்தது. "ஆள் வந்து பேசினாலே போதுமே, நாய் எதற்கு" என்பவர்களுக்கு இது ஒரு பதில். அதே நேரம் இந்தத் துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை சின்ன அளவில், கொஞ்ச காலத்துக்கு நடந்தவை. நாயின் கண்ணைப் பார்த்தால் பாச உணர்வோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் ஹார்மோன் கூடுகிறது என்று 2015-ல் ஜப்பானில் வந்த ஆய்வை எல்லோரும் பகிர்கிறார்கள், ஆனால் அது தன் சொந்த நாயோடு இருப்பவர்களை வைத்துச் செய்தது, வாரம் ஒரு முறை வரும் அன்னிய நாய்க்கு அப்படியே பொருத்த முடியாது.

எனக்கு நேரடியாகத் தெரிந்தது கை கால் வேலை. ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர், பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. கையைத் தூக்குங்கள், இந்தக் கூம்பை எடுத்து அங்கே வையுங்கள் என்றால் இரண்டு தடவை செய்துவிட்டுச் சலித்துப் போவார். அவருடைய தம்பி வீட்டு நாயைத் தோட்டத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, பிரஷ்ஷை இடது கையில் கட்டிக் கொடுத்து முடியை வாரச் சொன்னோம். வலது கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு கழுத்திலிருந்து வால் வரைக்கும் வாரினார், திரும்பவும் கழுத்துக்குப் போனார், நிறுத்தவே இல்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் வேலை செய்கிறது. இதைத்தான் சிகிச்சை என்று சொல்ல முடியும், என்ன அசைவு, எத்தனை தடவை, போன வாரத்தைவிட எவ்வளவு கூடியது என்று நாங்கள் எழுதி வைக்கிறோம். சும்மா வந்து தடவிவிட்டுப் போவதும் நல்லதுதான், அதைச் சந்திப்பு என்று சொல்லுங்கள் போதும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் குடும்பத்தார் தப்பான எதிர்பார்ப்போடு வருவார்கள்.

நம் ஊருக்கே இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1950-களில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சரி செய்த டாக்டர் பால் பிராண்ட், நன்றாக இருந்த விரல்கள் காலையில் பார்த்தால் குறைந்திருப்பது ஏன் என்று தேடினார். ராத்திரியில் எலி கடித்துவிட்டுப் போயிருக்கிறது, உணர்ச்சி இல்லாததால் தூங்குகிறவருக்குத் தெரியவே இல்லை. அதற்கப்புறம் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். பராமரிப்பில் பிராணி என்பது இங்கே எழுபது வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது! அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கை கால் மரத்துப் போனவர்களுக்கு நாய் நகம் கீறினாலும் தெரியாது. தொழுநோயிலிருந்து குணமானவர்கள் மட்டும் கிடையாது, இருபது வருடச் சர்க்கரை நோயாளியின் பாதமும் அப்படித்தான். நாய் போன பிறகு அவர்கள் கையையும் காலையும் ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும்.

சத்துவாச்சாரி மாணவன்:

ஒரு சந்தேகம். இதற்கு லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர்தான் வேண்டுமா? ராஜபாளையம், சிப்பிப்பாறை சரிப்படாதா? எல்லா வீடியோவிலும் கோல்டன்தான் வருகிறது.

காட்பாடி பயிற்சியாளர்:

இனத்தைவிட அந்தத் தனி நாயின் குணம்தான் கணக்கு தம்பி. ராஜபாளையம் பொதுவாக ஒரு வீடு, ஓர் ஆள் என்று இருக்கும், அன்னியர் தொடுவதை விரும்பாது, அதை வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அதை இந்த வேலைக்கு வற்புறுத்துவது அதற்குச் செய்யும் கொடுமை. கோல்டன் குணத்தில் தங்கம், ஆனால் அந்த அடர்ந்த முடியோடு கத்திரி வெயிலில் வேலூரில் அதை வெளியே கொண்டு வருவது பாவம், 40 டிகிரிக்கு மேல் போகும் ஊர் இது. நாட்டு நாய்க்கு நம் வெயில் பழக்கம், முடி குட்டை, நோயும் குறைவு. ஒரே நிபந்தனை, குட்டியாக மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைக்கும் பலவிதமான ஆட்களையும் சத்தங்களையும் பார்த்து வளர்ந்திருக்க வேண்டும். வாலாஜா தங்கச்சியின் மல்லி குழந்தைகளோடு வளர்ந்தவள் என்றால் நம்பிக்கை இருக்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நாய்க்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு, அது சொல்லும் விதம் வேறு. தூக்கம் வராதபோது கொட்டாவி விடும், சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்கும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், வால் இறங்கும், உங்கள் காலுக்குப் பின்னால் வந்து நிற்கும். வெயிலில் மூச்சு வாங்குவதையும் பதற்றத்தில் மூச்சு வாங்குவதையும் நம் ஊரில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், அதனால் நிழலில், காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட்டால் அந்தக் குழப்பமே வராது. இந்த அறிகுறிகளைப் பார்த்ததும் "போதும், கிளம்பலாம்" என்று எழுந்துவிட வேண்டியது கூட வருகிறவரின் வேலை. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் இன்னும் ஒரு போட்டோ என்பார். மறுத்துவிடுங்கள். உறுமாத நாய் என்று பெருமையாகச் சொல்வார்கள், உறுமலை அடித்து அடக்கிவிட்ட நாய் நேரடியாகக் கடிக்கும்.

தோட்டப்பாளையம்:

நான் லாட்ஜ் வைத்திருக்கிறேன். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். நோயாளிக்காவது டாக்டர், நர்ஸ் இருக்கிறார்கள். கூட வந்தவர்கள் பாடு யாருக்கும் தெரியாது, பாஷையும் தெரியாமல், அறையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வோ இண்டக்‌ஷன் அடுப்போ வைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டுக்காகக் காத்துக்கொண்டு. எங்கள் மாடியில் ஒரு நாய் உண்டு, சாயங்காலம் ஆனால் அதோடு உட்காருவதற்கென்றே மேலே வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு அம்மா தினமும் வங்காளத்தில் அதோடு ஏதோ பேசிக்கொண்டே இருப்பார். நோயாளியை மட்டும் யோசிக்காமல் இவர்களையும் யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ராத்திரி டூட்டி சிஸ்டர்:

தோட்டப்பாளையம் அண்ணன் சொன்னது ரொம்ப உண்மை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், நோயாளிக்குத் துணையாக வந்தவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம், அவர்களுக்கு என்று எதுவுமே கிடையாது.

திறந்த இடம், தனித்தனி சம்மதம், நக்காத நாய், ஒரு மணி நேரம் என்றால் எனக்குச் சம்மதம். கூடவே என் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். நாயோடு வருகிறவரே துடைப்பான், பிளீச்சிங் கரைசல், குப்பைப் பை கொண்டு வர வேண்டும், இல்லத்து ஆயாம்மாவிடம் விடக் கூடாது. மடியில் தலை வைத்தால் கீழே ஒரு துவைத்த துணி விரிக்க வேண்டும், அந்தத் துணி அடுத்த ஆளுக்குப் போகக் கூடாது. திறந்த காயம், டியூப், புதுசாகத் தையல் போட்டவர் இருந்தால் அன்றைக்கு அவர் தூரத்திலிருந்து பார்க்கட்டும். கடித்தாலோ கீறினாலோ அங்கேயே சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று யாரும் சமாதானம் சொல்லி உட்கார வைக்கக் கூடாது.

அப்புறம் ஒன்று, ஆரம்பித்தால் விடாமல் வர வேண்டும். பொங்கலுக்கு வந்து கரும்பு கொடுத்து செல்ஃபி எடுத்துவிட்டு அடுத்த பொங்கலுக்குத்தான் வருகிற கூட்டத்தை முதியோர் இல்லங்கள் நிறையப் பார்த்துவிட்டன. மறதிநோய்க்காரர்களுக்கு நாயின் பெயர் ஞாபகம் இருக்காது, ஆனால் ஏதோ ஒன்று வர வேண்டும் என்ற தவிப்பு மட்டும் இருக்கும், வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். வாரா வாரம் முடியாது என்றால் மாதம் ஒரு தடவை என்று சொல்லி, அந்த ஒரு தடவையைத் தவறாமல் வாருங்கள்.

வாலாஜா மகள்:

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் கொண்டு போனேன், சிஸ்டர் சொன்ன துடைப்பான் உட்பட. படித்துவிட்டு, முப்பது பேரில் யார் யாருக்கு விருப்பம் என்று அவரே ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் நாய் இல்லாமல் நானும் காட்பாடி அண்ணனும் மட்டும் போய் இடத்தைப் பார்க்கப் போகிறோம். மல்லியின் தேர்வு கத்திரி முடிந்த பிறகு. டாக்டர் ஐயா, அவளைக் குடியாத்தம் கூட்டி வந்தால் ஒரு தடவை பார்த்துத் தருவீர்களா? ரேபிஸ் ஊசி அட்டை இருக்கிறது, லெப்டோ போட்டதாக ஞாபகம் இல்லை.

மாட்டு டாக்டர் (ஓய்வு), குடியாத்தம்:

தாராளமாக வாங்கம்மா, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். பஸ்ஸில் வேண்டாம், யாரிடமாவது கார் கேட்டு வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள். அட்டையை மறக்காதீர்கள். அன்றைக்குக் காலையில் அவள் போன மலத்தை ஒரு சின்ன டப்பாவில் மூடி எடுத்து வந்தால் புழு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், லெப்டோ ஊசியையும் அன்றைக்கே ஆரம்பித்துவிடுவோம், மூன்று நாலு வாரம் கழித்து இரண்டாவது டோஸ் இருக்கிறது, அதுவும் முடிந்த பிறகு தேர்வுக்குத் தேதி வையுங்கள்.